ஸ்பைக்கை எடுத்துவிட்டால் கொரோனா வைரஸ் பெருகுமா?

கேள்வி கேட்டவர் நுண்ணுயிரியல் மாணவர் என்று தெரிகிறது. ஸ்பைக் என்பது வைரஸின் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். "கொரோனா வைரஸிலிருந்து ஸ்பைக் மரபணுவை நீக்கிவிட்டால் அது பெருகாதுதானே? அப்படியானால் பெருக்கத்துக்குக் கட்டாயம் வேண்டிய மரபணுக்கள் எவை, இல்லாமலும் சமாளிக்கக்கூடியவை எவை?" என்று கேட்டிருக்கிறார். பார்க்க ஒரு கேள்விதான். உள்ளே மூன்று இருக்கின்றன. ஒரு செல்லுக்குள் வைரஸின் ஆர்என்ஏ நகலாக என்ன வேண்டும்? நகலான ஆர்என்ஏ துகளாகக் கட்டப்பட்டு அடுத்த செல்லுக்குள் நுழைய என்ன வேண்டும்? உயிருள்ள ஓர் உடம்பில் எதிர்ப்பைத் தாண்டிப் பிழைக்க என்ன வேண்டும்? மூன்றுக்கும் மூன்று பட்டியல். "பெருக்கம்" என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் பயன்படுத்துவதால்தான் குழப்பமே வருகிறது. ஸ்பைக் இரண்டாவது பட்டியலில் முதலிடத்தில் நிற்கும். முதல் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பல ஆண்டுகள் வேலை செய்தது கோழிகளைத் தாக்கும் கொரோனா வைரஸோடு. ஐபிவி என்பார்கள், மூச்சுக்குழாயில் அழற்சி உண்டாக்குவது. பத்து நாள் கரு வளர்ந்த முட்டையில் ஊசி போட்டு வளர்த்த வைரஸ் அது. 2020க்கு முன் கொரோனா வைரஸில் வேலை என்று சொன்னால் "அது என்ன சார்?" என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு இரண்டு அடி தள்ளி நின்றார்கள். சார்ஸ், மெர்ஸ், கோவிட் உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 பற்றி இங்கே சொல்வது நான் படித்து அறிந்தது, கையால் வளர்த்துப் பார்த்தது இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொரோனா வைரஸின் மரபணுத்தொகுதி ஒரே ஓர் ஆர்என்ஏ இழை. வூகானில் முதலில் வரிசைப்படுத்திய சார்ஸ்-கோவ்-2 இழையில் 29,903 எழுத்துகள். ஐபிவியின் பழைய ஆய்வக வகையான போடெட்டில் 27,608. ஆர்என்ஏ வைரஸ்களில் இவ்வளவு நீளம் அரிது. இந்த இழை நேர் இழை, அதாவது செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் அதை அப்படியே தூதர் ஆர்என்ஏ போலப் படிக்கும். இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் தன் பாலிமரேஸை, அதாவது ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதியை, துகளுக்குள்ளேயே சுமந்துகொண்டு வர வேண்டும். கொரோனாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெறும் ஆர்என்ஏவை மட்டும் செல்லுக்குள் செலுத்தினாலும் பெரும்பாலும் தொற்று தொடங்கிவிடும். ஸ்பைக் இல்லாமல் எப்படி என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஸ்பைக் என்பது வாசல் சாவி. ஆய்வகத்தில் நாமே ஆளை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டால் சாவிக்கு என்ன வேலை?

உள்ளே போன இழையின் முதல் மூன்றில் இரண்டு பங்கும் ஒரே மரபணுதான். அதை ரெப்ளிகேஸ் மரபணு என்கிறோம். 1ஏ, 1பி என்று இரண்டு வாசிப்புச் சட்டகங்கள், அதாவது ரைபோசோம் ஒரே ஓட்டமாகப் படிக்கும் பகுதிகள். 1ஏ முடியும் இடத்தில் ஒரு வழுக்கலான எழுத்துக்கோவையும், அதை அடுத்து ஆர்என்ஏ தன்மேல் தானே மடிந்து போட்ட ஒரு முடிச்சும் இருக்கின்றன. ரைபோசோம்களில் ஒரு பங்கு அந்த இடத்தில் தடுக்கி, ஓர் எழுத்து பின்னால் வழுக்கி, 1பியையும் சேர்த்துப் படித்துக்கொண்டு போகும். மீதி 1ஏயோடு நின்றுவிடும். கொரோனா வைரஸ்களில் இந்த வழுக்கலை முதன்முதலில் காட்டியது 1987இல், இங்கிலாந்தில், நம்ம கோழி வைரஸில்தான் என்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. வழுக்கும் விகிதத்தைக் குலைத்தால் வைரஸ் நலிந்துபோகிறது. ஆக, புரதம் எதையும் தராத அந்த முடிச்சும் "கட்டாயம் வேண்டியவை" பட்டியலில் உண்டு. மரபணுக்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதைத் தவறவிட்டுவிடுவோம்.

இப்படி உருவாகும் நீண்ட புரதச் சங்கிலி பதினாறு துண்டுகள் வரை வெட்டப்படுகிறது. அந்தத் துண்டுகளுக்கு என்எஸ்பி 1 முதல் 16 வரை பெயர். வெட்டும் கத்திகளும் அந்தச் சங்கிலிக்குள்ளேயே இருக்கின்றன. என்எஸ்பி 3இல் இருக்கும் புரோட்டியேஸ் மூன்று இடங்களில் வெட்டும். மற்ற பதினோரு இடங்களை என்எஸ்பி 5 பார்த்துக்கொள்ளும். என்எஸ்பி 5 வேலை செய்யாவிட்டால் மற்ற நொதிகள் எதுவும் பிரிந்து வராது, கதை அங்கேயே முடிந்தது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த உறுதி என்எஸ்பி 12, ஆர்என்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ். சோதனைக்குழாயில் அதை மட்டும் தனியாகப் போட்டால் கிட்டத்தட்ட மக்கு. ஒரு என்எஸ்பி 7, இரண்டு என்எஸ்பி 8 வந்து ஒட்டிக்கொண்டால்தான் ஒழுங்காக ஓடும். இழையின் சுருக்கைப் பிரித்துவிடும் ஹெலிகேஸ் என்எஸ்பி 13. இதுவும் இல்லாமல் முடியாது. ஆனால் இங்கே ஒரு புதிர் இருக்கிறது. அச்சு இழைமேல் பாலிமரேஸ் நகரும் திசையும் இந்த ஹெலிகேஸ் நகரும் திசையும் எதிரெதிர். முன்னால் போய் வழி திறந்துவிடுகிறதா, இல்லை பிழை நேர்ந்த இடத்தில் பாலிமரேஸைப் பின்னுக்கு இழுக்கிறதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. கட்டாயம் வேண்டும் என்பது உறுதி, எதற்கு என்பது பாதிதான் உறுதி.

நகலெடுக்கும் வேலை செல்லின் திரவத்தில் திறந்தவெளியில் நடப்பதில்லை. என்எஸ்பி 3, 4, 6 மூன்றும் செல்லின் உள்சவ்வுகளை வளைத்து இரட்டைச் சுவர் வைத்த குமிழிகளாக ஆக்குகின்றன. இரட்டை இழை ஆர்என்ஏ செல்லின் கண்ணில் பட்டால் அபாய மணி அடித்துவிடும். குமிழிக்குள் அது மறைந்துகொள்கிறது. நெடுநாள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: சுவர் முழுக்க மூடியிருந்தால் உள்ளே செய்த நகல் வெளியே வருவது எப்படி? 2020இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தச் சுவரைத் துளைக்கும் ஒரு வாயிலைப் பார்த்தார்கள். அதன் நடுக்கட்டுமானம் ஆறு என்எஸ்பி 3 மூலக்கூறுகள். ஆக என்எஸ்பி 3 கத்தி மட்டும் இல்லை, கதவும் அதுதான். என்எஸ்பி 9, 10 பொடிப் புரதங்கள். 9 ஆர்என்ஏவின் தலைப்பாகை வேலைக்கு வேண்டும். தலைப்பாகை என்பது இழையின் முன்முனையில் மாட்டும் வேதிக் குல்லாய் (cap). 10 இல்லாவிட்டால் 14, 16 இரண்டும் சரியாக இயங்கா.

இதுவரை சொன்னதெல்லாம் ரெப்ளிகேஸ் மரபணு ஒன்றிலிருந்தே வருவது. அது மட்டும் போதுமா? 2001இல் 229ஈ என்ற சளிக் கொரோனா வைரஸை வைத்து நேரடியாகவே சோதித்தார்கள். இழையின் இரு முனைகள், முழு ரெப்ளிகேஸ் மரபணு, அதோடு ஒளிரும் பச்சைப் புரதத்தின் மரபணு ஒன்று. அவ்வளவுதான். ஸ்பைக் இல்லை, உறைப் புரதங்கள் எதுவும் இல்லை. செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. ஆனால் மிகச் சில செல்களில்தான். பிறகு என் (N) புரதத்தை, அதாவது ஆர்என்ஏவைச் சுற்றிக்கொள்ளும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை, சேர்த்துக் கொடுத்தபோது நகலெடுப்பு நன்றாகவே எழுந்தது. பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் டிஜிஇவி வைரஸிலும் இதே முடிவுதான். எங்கள் ஐபிவி இன்னும் கறாரானது. ஆய்வகத்தில் செய்த அதன் ஆர்என்ஏவிலிருந்து உயிருள்ள வைரஸை எழுப்ப, என் புரதத்தைச் செல்லில் தனியாகச் செய்துவைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எலி கொரோனா வைரஸில் இதற்கான காரணமும் ஓரளவு புலப்பட்டது. என் புரதம் என்எஸ்பி 3இன் முன்பகுதியில் போய் ஒட்டுகிறது. அந்தப் பிணைப்பைக் கெடுத்தால் தொற்றைத் தொடங்கவே வைரஸ் திணறுகிறது. அதனால் என் புரதத்தைக் கட்டமைப்புப் புரதம் என்று ஒரு பெட்டியில் போட்டு மூடுவது எனக்கு உடன்பாடில்லை. அது முதல் பட்டியலிலும் நிற்கிறது, இரண்டாவதிலும் நிற்கிறது.

அப்புறம் அந்த இரு முனைகள். இழையின் முன்னும் பின்னும் உள்ள சில நூறு எழுத்துகள் எந்தப் புரதத்துக்கும் குறியீடு இல்லை, ஆனாலும் பாலிமரேஸ் எங்கே பிடித்துத் தொடங்க வேண்டும் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது. எலி கொரோனா வைரஸைச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்க்கும்போது நடுப்பகுதி பெரும்பாலும் உதிர்ந்துபோன குட்டி இழைகள் தானாகவே தோன்றும். ஏறத்தாழ இரண்டாயிரம் எழுத்து நீளம்கூட உண்டு. சொந்தமாக ரெப்ளிகேஸ் இல்லை. பக்கத்தில் முழு வைரஸ் இருந்தால் அதன் நொதிகளை ஓசியில் எடுத்துக்கொண்டு ஜம்மென்று பெருகும். அவற்றில் தவறாமல் இருப்பது முனைகள்.

இனி, எனக்குப் பிடித்த பகுதி: பாதி கட்டாயமானவை. என்எஸ்பி 14க்கு இரண்டு வேலை. ஒரு பகுதி ஆர்என்ஏவின் தலைப்பாகையில் மீத்தைல் என்ற சிறு வேதித் தொகுதியைச் சேர்க்கும். மற்றொரு பகுதி பிழைதிருத்தும் கத்தரி, பாலிமரேஸ் தப்பாகச் சேர்த்த எழுத்தை வெட்டி எடுக்கும். இவ்வளவு நீள ஆர்என்ஏவை வைத்துக்கொண்டு இந்த வைரஸ் பிழைப்பதே அந்தக் கத்தரியால்தான் என்பது பரவலான கருத்து. கத்தரியை மட்டும் மழுக்கிப் பார்த்தார்கள். எலி வைரஸ் பிழைத்தது, ஆனால் இயல்பைவிட 15 மடங்கு பிறழ்வுகள். 2003இன் சார்ஸ் வைரஸும் பிழைத்தது, 21 மடங்கு பிறழ்வுகளோடு. சரி, கத்தரி இல்லாமலும் வாழலாம் போல என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, 2020இல் மெர்ஸிலும் சார்ஸ்-கோவ்-2இலும் அதே மாற்றத்தைச் செய்தார்கள். வைரஸ் எழவே இல்லை. சார்ஸும் சார்ஸ்-கோவ்-2உம் அவ்வளவு நெருங்கிய உறவு. அப்படியிருந்தும் ஒன்றுக்கு வேண்டாதது மற்றொன்றுக்கு உயிர்நாடியாக இருக்கிறது. ஏன் என்பதற்கு ஒத்துக்கொண்ட விளக்கம் கிடையாது. பிழைதிருத்துவது தவிர இந்தப் பகுதிக்கு நகலெடுப்பிலேயே வேறொரு பங்கு இருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் ஊகம் ஊகம்தான்.

என்எஸ்பி 15, 16 வேறு ரகம். 16 தலைப்பாகையில் இன்னொரு மீத்தைலைச் சேர்த்து, வைரஸ் ஆர்என்ஏவைச் செல்லின் சொந்த ஆர்என்ஏ போலவே வேஷம் போட வைக்கிறது. 15 மிச்சம் மீதி ஆர்என்ஏ துண்டுகளை வெட்டித் தடயத்தைக் குறைக்கிறது. இவற்றின் நொதித்திறனைக் கெடுத்தால் சாதாரண ஆய்வகச் செல்களில் வைரஸ் ஏறக்குறைய நன்றாகவே வளரும். மேக்ரோஃபேஜ் போன்ற காவல் செல்களிலும் உயிருள்ள எலியிலும்தான் மாட்டிக்கொள்ளும். 15இன் கத்தி முதலில் 229ஈயில் கண்டறியப்பட்டபோது நகலெடுப்புக்கே இன்றியமையாதது என்றுதான் எழுதினார்கள். பின்னால் மற்ற வைரஸ்களின் முடிவுகள் வந்து அந்த வாசகத்தைத் தளர்த்தின. என்எஸ்பி 2ஐ எலி வைரஸிலும் சார்ஸிலும் முழுசாகவே நீக்கிவிட்டார்கள். வளர்ச்சி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே. என்எஸ்பி 1 செல்லின் ரைபோசோமை அடைத்து, செல் தன் புரதங்களைச் செய்யவிடாமல் தடுக்கும் முரட்டுப் புரதம். அதுவும் எல்லாருக்கும் தேவையில்லை என்பதற்குச் சோதனையே வேண்டாம். கோழி வைரஸ் இருக்கும் காமா பிரிவிலும் டெல்டா பிரிவிலும் (கொரோனா குடும்பத்தின் கிளைகள் இவை, கோவிட் வகைகளின் பெயர்கள் இல்லை) என்எஸ்பி 1 கிடையவே கிடையாது. அவை பதினைந்தோடு குடும்பம் நடத்துகின்றன.

இரண்டாவது பட்டியலுக்கு வருவோம், துகள் கட்டி வெளியே போவது. இழையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஸ்பைக், ஈ (E), எம் (M), என் (N) இந்த வரிசையில் இருக்கின்றன. வரிசை எல்லாக் கொரோனா வைரஸிலும் இதுதான். ஆனால் எலி வைரஸில் வரிசையைக் கலைத்துப் போட்டாலும் அது பிழைத்தது. எம் புரதம் துகளின் சட்டகம், அது இல்லாமல் துகள் இல்லை. ஸ்பைக் இல்லாமல் துகள் உண்டு! டூனிகாமைசின் என்ற மருந்து கொடுத்த செல்களிலிருந்து ஸ்பைக் இல்லாத மொட்டைத் துகள்கள் வெளியே வருவதை 1980களின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள். பார்க்க வைரஸ் போலவே இருக்கும், எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாது. உறையில் இருக்கும் சிறிய ஈ புரதத்தின் கதை மறுபடியும் "யாருடைய வைரஸ்?" என்ற கதைதான். டிஜிஇவியில் ஈயை நீக்கினால் உள்ளே ஆர்என்ஏ நகலாகும், ஆனால் பரவாது. ஈயைத் தனியாகச் செய்துதரும் செல்களில் மட்டும்தான் வளர்க்க முடியும். எலி வைரஸில் 2003இல் நீக்கியபோது வைரஸ் பிழைத்தது, பிளேக்குகள், அதாவது செல் படலத்தில் வைரஸ் செல்களைக் கொன்று உண்டாக்கும் வட்டங்கள், மட்டும் சுண்டிப்போய்விட்டன. சார்ஸில் 2007இல் நீக்கினார்கள். செல் வகையைப் பொறுத்து விளைச்சல் 20 முதல் 200 மடங்கு குறைந்தது. ஒரே புரதம், மூன்று விடை.

மூன்றாவது பட்டியல் துணை மரபணுக்கள். கட்டமைப்பு மரபணுக்களுக்கு இடையிடையே செருகியிருப்பவை. சார்ஸ்-கோவ்-2இல் 3ஏ, 6, 7ஏ, 7பி, 8 என்று போகும். ஐபிவியில் 3ஏ, 3பி, 5ஏ, 5பி. இந்த நான்கும் இல்லாமல் அது வளர்கிறது என்று காட்டியாகிவிட்டது. சார்ஸ்-கோவ்-2க்கு இயற்கையே சோதனை செய்து காட்டியது. 2020இன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் 382 எழுத்துகள் உதிர்ந்த ஒரு வகை மனிதர்களிடையே பரவியது. அதில் 8ஆம் மரபணு இயங்காது. நோயாளிகளில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் குறைவாக இருந்தார்கள். ஆல்பா வகையிலும், பிறகு உலகமெங்கும் பரவிய எக்ஸ்பிபி 1.5 வகையிலும் 8இன் தொடக்கத்திலேயே நிறுத்தக் குறியீடு விழுந்திருந்தது. அவை பரவாமலா போயின? எனவே 8 பெருக்கத்துக்குக் கட்டாயம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 10 என்று ஒரு சின்னச் சட்டகம் படங்களில் வரும். அது புரதமாகிறது என்பதற்கே சான்று பலவீனம், படத்தில் இருக்கிறதே என்று மனப்பாடம் செய்ய வேண்டாம்.

துணை மரபணுக்கள் தேவையில்லை என்று படிக்கும்போது எந்தச் செல்லில் பார்த்தார்கள் என்று கட்டாயம் பாருங்கள். பெரும்பாலும் வீரோ செல்களாக இருக்கும், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. வைரஸை எதிர்க்கச் செல்கள் செய்யும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானை அவற்றால் செய்ய முடியாது, அந்த மரபணுக்களே போய்விட்டன. எதிரியே இல்லாத மைதானத்தில் கேடயம் தேவைப்படவில்லை என்றால் அதில் என்ன வியப்பு? எலி வைரஸின் துணை மரபணுக்களை 2002இல் நீக்கியபோது செல்களில் வளர்ந்த அதே வைரஸ் எலியில் சாதுவாகிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். முழுப் புரதத்தையும் நீக்கினார்களா, இல்லை ஒரு நொதி மையத்தை மட்டும் கெடுத்தார்களா? இரண்டும் ஒன்றில்லை. 16இன் மீத்தைல் வேலையை நிறுத்தினாலும் வைரஸ் வளர்கிறது. ஆனால் வெப்பநிலை கூடினால் ஆர்என்ஏ செய்வதை நிறுத்திவிடும் எலி வைரஸ் பிறழ்வு ஒன்று அதே 16இல்தான் இருக்கிறது. நொதி தேவையில்லை, புரதம் அங்கே நிற்க வேண்டும் போலிருக்கிறது.

கடைசியாக, உங்கள் ஸ்பைக் கேள்விக்கே திரும்புகிறேன். ஸ்பைக் நீக்கிய கொரோனா ஆர்என்ஏ வெறும் கற்பனை இல்லை, ஆய்வகங்களில் அன்றாடம் புழங்குவது. ரெப்ளிகான் என்பார்கள். ரெப்ளிகேஸ், முனைகள், என் புரதம், ஒளிரும் ஒரு புரதம். செல்லுக்குள் நகலாகும், வெளியே வராது. உயிருள்ள சார்ஸ்-கோவ்-2க்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். இதை இரண்டாம் நிலையிலேயே கையாளலாம். என்எஸ்பி 12ஐக் குறிவைக்கும் ரெம்டெசிவிர், என்எஸ்பி 5ஐ அடைக்கும் நிர்மட்ரெல்விர் ஆகிய மருந்துகள் இரண்டும் இதில் ஒளியைக் குறைத்துவிடும், ஏனென்றால் அவற்றின் இலக்குகள் முதல் பட்டியலில் இருக்கின்றன. ஸ்பைக்கைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளை எவ்வளவு ஊற்றினாலும் ஒளி அப்படியே இருக்கும். பிடிக்க அங்கே ஸ்பைக் ஏது?